ஒரே சோப்பு, இரண்டு கைகள்

தீபாவளிக்கு மறுநாள் சமையலறைத் தொட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முறுக்கு சுட்ட எண்ணெய்ச் சட்டி, அடிப்பிடித்த பிரியாணிப் பானை, விருந்தாளிகள் சாப்பிட்ட தட்டுகள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில் நானும் அக்காவும் தொட்டி முன் நின்றுகொண்டிருந்தோம். பாதிப் பாத்திரம் முடியும் முன்பே அக்கா கையை எடுத்துவிட்டார். "முடியலடி, எரியுது" என்றார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "அதே சோப்புலதானே நானும் கழுவுறேன்? எனக்கு ஒன்னும் ஆகலையே. சும்மா சாக்கு சொல்லாதக்கா."

அக்கா பதில் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கழுவத் தொடங்கினார். அவர் தாதி. வேலையிடத்தில் ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். அடுத்த சில மாதங்களில் அவருடைய விரலிடுக்குகள் வெடித்தன. கையுறை மாட்டும்போதே கண்ணில் நீர் வந்தது. இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனார். அங்கே அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "என் தங்கச்சிக்கு ஒன்னும் ஆகலையே டாக்டர், எனக்கு மட்டும் ஏன்?"

பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. இதற்குத் தோல் மருத்துவத்தில் பதில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

தோலின் வெளிச்சுவர்

நம் தோலின் ஆக மேலே இருப்பது உயிரற்ற தட்டையான செல்களால் ஆன ஓர் அடுக்கு. முன்கையில் இது ஏறத்தாழ 15 முதல் 20 வரிசை செல்களைக் கொண்டது. மொத்தத் தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். செல்கள் செங்கல் என்றால், அவற்றுக்கு இடையில் பூசியிருக்கும் சாந்து செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்று வகைக் கொழுப்புகளால் ஆனது. உடலின் ஈரம் வெளியே போகாமலும் வெளியில் இருப்பவை உள்ளே வராமலும் தடுப்பது இந்தச் சுவர்தான். உள்ளங்கையில் இது பல மடங்கு தடிப்பாக இருக்கும். அதனால்தான் சோப்பின் பாதிப்பு பெரும்பாலும் உள்ளங்கையில் தொடங்குவதில்லை. விரலிடுக்கிலும் புறங்கையிலும் மோதிரத்துக்கு அடியிலும் முதலில் தெரியும்.

பாத்திரம் கழுவும் திரவத்தின் வேலை எண்ணெயைப் பிரித்தெடுப்பது. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுக்கைத் தண்ணீரோடு இழுத்துப் போகும். சட்டியில் இருக்கும் எண்ணெய் எது, தோலில் இருக்கும் கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. சாந்தையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும். அதோடு நிற்காமல், செல்களுக்குள் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை உப்ப வைக்கும். கழுவி முடித்ததும் தோல் இறுகி, வறண்டு, சொரசொரப்பாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு ஏறத்தாழ 5. பழைய பாணிக் கட்டிச் சவர்க்காரத்தின் அளவு 9 அல்லது 10. சுவரைப் பழுதுபார்க்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். அடிக்கடி சவர்க்காரம் போட்டால் பழுதுபார்ப்பும் தாமதமாகும்.

இதுவரை சொன்னது எல்லாருடைய தோலிலும் நடப்பது. என் கையிலும் நடந்தது, அக்கா கையிலும் நடந்தது. வித்தியாசம் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது.

சுவருக்குப் பின்னால் ஓர் எச்சரிக்கை மணி

உயிரற்ற அடுக்குக்குக் கீழே கெரட்டினோசைட் என்ற உயிருள்ள செல்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் இவற்றைச் சுவர் கட்டும் கூலியாட்கள் என்று மட்டுமே நினைத்தார்கள். நோயெதிர்ப்பு வேலையில் இவற்றுக்கு முக்கியப் பங்கு இருப்பது பிறகுதான் தெரிய வந்தது.

இன்டர்லூகின்-1 ஆல்ஃபா என்ற ஒரு புரதத்தை இந்தச் செல்கள் முன்கூட்டியே தயாரித்துத் தமக்குள் வைத்திருக்கின்றன. சோப்பு மூலக்கூறுகள் சுவரைத் தாண்டி வந்து செல்லின் சவ்வைச் சேதப்படுத்தினால் அந்தப் புரதம் வெளியே கசியும். அது அக்கம்பக்கத்துச் செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அவை உடனே டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற வேறு சமிக்ஞைப் புரதங்களை உருவாக்கத் தொடங்கும். இரத்தக் குழாய்கள் விரியும். அவற்றின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்தும். அந்த அணுக்கள் தோலுக்குள் இறங்கும். நாம் வெளியில் பார்க்கும் வீக்கம், சூடு, எரிச்சல், நிறமாற்றம் எல்லாம் இந்த வரிசையின் முடிவு.

மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் தோல் தாங்காது. அதற்கும் உடலில் ஏற்பாடு உண்டு. இன்டர்லூகின்-1 போய் ஒட்ட வேண்டிய அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சமிக்ஞையும் அனுப்பாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும் இன்னொரு புரதம் இருக்கிறது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவி போல. தூண்டும் புரதம் எவ்வளவு, தடுக்கும் புரதம் எவ்வளவு என்ற கணக்கைப் பொறுத்தே அழற்சி அமைகிறது. இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே அளவு, வெவ்வேறு பதில்

தோல் ஆய்வுக்கூடங்களில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சலவைப்பொருளை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். பற்பசையிலும் ஷாம்புவிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் அதே பொருள்தான். அதை ஒரு விழுக்காடு போன்ற குறைந்த அளவில் தண்ணீரில் கலந்து, சிறு வில்லையில் நனைத்து, முன்கையிலோ முதுகிலோ 24 மணி நேரம் ஒட்டி வைப்பார்கள். பிறகு எடுத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து எவ்வளவு நீராவி வெளியேறுகிறது என்று கருவியால் அளப்பார்கள். சுவர் எவ்வளவு பெயர்ந்திருக்கிறது என்பது அதில் தெரியும்.

ஆரோக்கியமானவர்களிடமே இந்தச் சோதனை மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. அதே பொருள், அதே அளவு, அதே நேரம். ஒருவருக்கு வில்லை இருந்த அடையாளமே தெரியாது. இன்னொருவருக்கு அந்த இடம் புண்போல ஆகிவிடும். ஆகவே "எனக்கு ஒன்னும் ஆகலையே" என்ற என் வாதம் என் தோலைப் பற்றி மட்டுமே ஏதாவது சொல்லக்கூடியது. அக்காவின் தோலைப் பற்றி அதில் எந்தத் தகவலும் இல்லை.

வேறுபாட்டின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. டிஎன்எஃப் மரபணுவுக்குச் சற்று முன்னால், அதை எவ்வளவு வேகமாக இயக்குவது என்று முடிவு செய்யும் பகுதி ஒன்று உண்டு. அதில் 308ஆம் இடத்தில் பெரும்பாலோருக்கு 'ஜி' என்ற எழுத்து இருக்கும். சிலருக்கு 'ஏ' இருக்கும். 'ஏ' இருப்பவர்களின் தோல் எரிச்சலூட்டும் பொருள்களுக்குச் சுலபமாக எதிர்வினை காட்டுவதாகச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஓர் எழுத்துதான் வேறு. மணி மட்டும் சீக்கிரம் அடித்துவிடுகிறது.

மற்றொன்று ஃபிலாக்ரின் என்ற புரதம். சுவரின் செல்களை இறுக்கிக் கட்டுவதும், பிறகு தானே சிதைந்து தோலின் ஈரத்தையும் அமிலத்தன்மையையும் காப்பதும் இதன் வேலை. இந்த மரபணு பழுதுபட்டிருந்தால் எக்ஸிமா எனும் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் காட்டினார்கள். ஐரோப்பியர்களிடம் சில குறிப்பிட்ட பிழைகள் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. சிங்கப்பூர்ச் சீன நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவற்றிலிருந்து மாறுபட்ட பலவகைப் பிழைகள் இருப்பது தெரிந்தது. ஓர் இனத்தாரிடம் கண்டதை அப்படியே இன்னோர் இனத்தாருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தவங்கதானே" என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு மரபணுவிலும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி நமக்கு வருகிறது. அம்மாவிடம் இருக்கும் இரண்டில் எது வரும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சிறு வயதில் அக்காவுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் வந்து ஆறியிருந்தது. எனக்கு வரவில்லை. சிறு வயதில் கரப்பான் இருந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு, குறிப்பாகத் தண்ணீரில் கை நனையும் வேலைகளில், கை அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல். உங்கள் பிள்ளை தாதிமைத் தொழிலுக்கோ சமையல் கலைக்கோ சிகை அலங்காரத்துக்கோ படிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம். சிறு வயதில் கரப்பான் இருந்ததா என்பதை மட்டும் நினைவுபடுத்தி, முதல் நாளிலிருந்தே கையைப் பாதுகாக்கச் சொல்லிக்கொடுங்கள்.

சிவப்பைத் தேடாதீர்கள்

கை அழற்சி பற்றிய படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கும், சிவந்து தெரியும். நம் நிறத்தில் அப்படித் தெரியாது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ சாம்பல் பூத்தது போலவோ தெரியும். ஆறிய பிறகும் அந்த இடம் பல மாதங்கள் கறுத்தே இருக்கலாம். "சிவக்கவே இல்லையே, சும்மா வறட்சிதான்" என்று வீட்டிலுள்ளவர்கள் ஒதுக்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறத்தைப் பார்க்காமல், தொட்டுப் பாருங்கள். சூடு, தடிப்பு, சொரசொரப்பு, கோடுகோடாக வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எரிகிறதா என்று கேளுங்கள்.

"பழகிடும்" என்பது உண்மையா?

நம் வீடுகளில் சொல்லப்படும் இன்னொரு வாசகம் இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்து லேசான எரிச்சலுக்கு ஆளாகும் சிலருடைய தோல் மெல்ல மெல்லத் தடித்துத் தாங்கிக்கொள்ளும். மருத்துவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சமையலறையில் நிற்கும் பெரியவர்கள் "எனக்கும் முதல்ல எரிஞ்சுது, அப்புறம் சரியாப் போச்சு" என்று சொல்வது பொய்யல்ல.

ஆனால் எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. பலருக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு முறை கழுவும்போதும் சுவர் கொஞ்சம் பெயரும். பழுது முடிவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். கடன் சேர்வது போலச் சேதம் சேரும். முன்பு ஒன்றும் செய்யாத லேசான சோப்பும், பிறகு வெறும் தண்ணீரும்கூட எரியத் தொடங்கும். கண்ணுக்கு ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே சுவர் முழுமையாகச் சீரடையப் பல வாரங்கள் ஆகும். நான்கு நாள் விடுப்பில் கை நன்றாகிவிட்டதென்று பழையபடி தொடங்குபவர்களுக்கு உடனே திரும்ப வருவது இதனால்தான். பழகிக்கொண்டவர்கள் அந்த வேலையில் நீடித்து மற்றவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். பழகாதவர்களில் பலர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அவர்களுடைய கதை நம் காதுக்கு வருவதில்லை.

எரிச்சலா, ஒவ்வாமையா?

இதுவரை பேசியது எரிச்சலால் வரும் அழற்சி. ஒவ்வாமையால் வருவது வேறு வகை. அதில் நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட பொருளை ஏற்கெனவே சந்தித்து நினைவில் வைத்திருக்கும். பிறகு அந்தப் பொருள் மிகச் சிறிதளவு பட்டாலும், ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரும். திரவச் சோப்புகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் இதற்குப் பெயர் போனது. அமெரிக்கத் தொடு அழற்சி மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. நறுமணப் பொருள்களும், ரப்பர் கையுறை தயாரிப்பில் சேர்க்கப்படும் ரசாயனங்களும்கூட ஒவ்வாமை தரலாம். கையைக் காக்கப் போட்ட கையுறையே பிரச்சினையாகிவிடும் விநோதமும் உண்டு.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். எரிச்சலால் சுவர் பெயர்ந்த கையில் ஒவ்வாமைப் பொருள்கள் சுலபமாக நுழையும். பார்வைக்கு மட்டும் பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. 1895ல் யோசெஃப் யடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த முறை அது. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மேலும் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். சில வாரங்கள் கவனமாக இருந்தும் கை ஆறவில்லை என்றால், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். தேவைப்பட்டால் மண்டலே ரோட்டில் உள்ள தேசிய சரும நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தொழில்சார் தோல் நோய்கள், சிங்கப்பூரில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கின்றன.

கைக்கு என்ன செய்யலாம்?

உங்கள் மணி சீக்கிரம் அடிக்கும் வகை என்றால் அதை மாற்ற முடியாது. மணியை அடிக்கும் அளவைக் குறைக்கலாம்.

பாத்திரம் கழுவும் திரவத்தை நேரே ஸ்பாஞ்சில் ஊற்றாதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் சில துளிகள் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சட்டியை முதலில் தாளால் துடைத்துவிட்டால் சோப்பே குறைவாகத்தான் தேவைப்படும்.

சுடுநீரில் சோப்பின் எரிச்சல் அதிகம். வெதுவெதுப்பான நீர் போதும்.

கழுவும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். அதற்கு அடியில் தங்கும் சோப்பு நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கையுறை அணியுங்கள், உள்ளே மெல்லிய பருத்தியுறை இருந்தால் நல்லது. நீண்ட நேரம் போட்டே இருக்காதீர்கள். உள்ளே சேரும் வியர்வையும் தோலை ஊற வைத்துப் பலவீனப்படுத்தும்.

ஒவ்வொரு முறை கை கழுவியதும் ஒற்றித் துடைத்து, நறுமணம் இல்லாத களிம்பு தடவுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியே சுவரை நன்றாக மூடும்.

வெடிப்பில் எலுமிச்சைச் சாறு தடவுவதை நிறுத்துங்கள். அது அமிலம்; எரிச்சலைக் கூட்டும். வெங்காயம், பூண்டு, மிளகாய் நறுக்கும்போதும் கையுறை உதவும். அடுத்த வீட்டார் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகத் தொடர்ந்து பூசாதீர்கள்.

தாதியருக்கும் அடிக்கடி கை சுத்தம் செய்பவர்களுக்கும் ஒரு செய்தி. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத நேரங்களில், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதைவிட ஆல்கஹால் கைத்தூய்மி தோலுக்குக் குறைந்த சேதமே தரும். வெடித்த இடத்தில் பட்டால் சுரீரென்று எரியும். அதற்குப் பயந்து பலர் சோப்புக்குத் திரும்பி, நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்கள். எரிந்தது கைத்தூய்மியால் என்றாலும், வெடிப்பை உண்டாக்கியது பெரும்பாலும் சோப்பும் தண்ணீரும்தான்.

அக்காவுக்கு மருத்துவர் சொன்னதும் ஏறத்தாழ இவைதான், கொஞ்ச நாளைக்கு ஒரு மருந்துக் களிம்போடு. பிரிவு மேற்பார்வையாளரிடம் பேசினார். முடிந்தபோதெல்லாம் சோப்புக்குப் பதில் கைத்தூய்மிக்கு மாறினார். ரப்பர் கையுறைக்குப் பதில் வேறு வகை கொடுத்தார்கள். ஆறுவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. வேலையை விடவில்லை. இன்னும் அதே பணியில்தான் இருக்கிறார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய களிம்புக் குழாய் இருக்கும்.

உங்கள் வீட்டில் அதிகம் பாத்திரம் கழுவுவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அம்மாவாக இருக்கலாம், இல்லப் பணிப்பெண்ணாக இருக்கலாம். அவர்களாக வந்து "எரியுது" என்று சொல்வது குறைவு. சொன்னால் சாக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும். நாமே கையைப் பிடித்துப் பார்த்துக் கேட்டுவிடலாம்.

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் தீபாவளிக்கு மறுநாள் தொட்டி முழுக்க என் பொறுப்பு. அக்கா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குவார். அன்று நான் சொன்னதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.